மூட்டு வலியும் கிட்டாரும்

உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. கட்டை விரலுக்கு இரண்டு, அதன் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. மாவு பிசைய, பொத்தான் போட, பென்சில் பிடிக்க எல்லாவற்றுக்கும் இந்த மூட்டுகள் மடங்க வேண்டும். கிட்டார் வாசிக்க இன்னும் அதிகமாக மடங்க வேண்டும்.

கிட்டார் பார்த்திருப்பீர்கள். ஆறு கம்பி உள்ள இசைக் கருவி. சினிமாப் பாட்டில் கேட்கிறோம். மாதா கோவிலிலும் வாசிக்கிறார்கள். வலது கையால் கம்பியை மீட்டுவார்கள். இடது கை விரல்களால் கம்பியை அழுத்திப் பிடிப்பார்கள். வலி வருவது பெரும்பாலும் அந்த இடது கையில்தான்.

கொல்கத்தாவின் தென்மேற்கில் பெஹாலா இருக்கிறது. டைமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய பெரிய பகுதி. முன்பு இந்தச் சாலையில் டிராம் ஓடியது. 2022 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. எங்கள் மாலை வகுப்பு இங்கேதான் நடக்கிறது. வகுப்புக்கு ஒரு பெரியவர் வருகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தாராதலாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். எழுத்து தெரியாத காலத்திலேயே அவருக்குக் கிட்டார் தெரியும். வாலிப வயதில் கோவில் பாடகர் குழுவில், காதால் கேட்டே பழகிக்கொண்டாராம்.

கல்யாணம் ஆனது. குழந்தைகள் பிறந்தன. கிட்டார் பரணுக்குப் போனது. முப்பது வருடம் அங்கேயே கிடந்தது. போன வருடம் பேத்தி அதை இறக்கித் தூசி தட்டினாள். தாத்தா ஆசையோடு மடியில் வைத்தார்.

"கம்பியை அழுத்தினா மூட்டுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு தம்பி. இந்த வயசுல இது தேவையான்னு வீட்டுல சிரிக்கிறாங்க" என்றார்.

"ஐயா, வலிக்கிறது தோலிலா, மூட்டிலா?" என்று கேட்டேன்.

அவருக்கு அது புதிய கேள்வி. ஆனால் முக்கியமான கேள்வி. கிட்டார் வாசிப்பவர்களுக்கு விரல் நுனி காய்ப்புக் காய்த்திருக்கும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கை போல. பல வருடம் விட்டுவிட்டால் அந்தக் காய்ப்பு போய்விடும். மறுபடி தொடங்கும்போது நுனித் தோல் எரியும். அது சில வாரத்தில் சரியாகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டு வலி அப்படியல்ல. அதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது.

மூட்டு வலியில் பல வகை உண்டு. இரண்டை மட்டும் இங்கே தெரிந்துகொள்வோம்.

ஒன்று, மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்பு சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது எலும்போடு எலும்பு உரசாமல் காக்கிறது. வயதானால் அது மெலிந்து தேயும். விரல் நுனிக்குப் பக்கத்து மூட்டு முடிச்சுப் போலத் தடிக்கும். கட்டை விரலின் அடியில் வலிக்கும். காலையில் எழுந்ததும் விரல் விறைப்பாக இருக்கும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

இன்னொன்று, முடக்குவாதம். இது வயதானவர்களுக்கு மட்டும் வருவதில்லை. இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. நோய்க் கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் காவல் சக்தி, தவறாக நம் மூட்டையே தாக்குகிறது. இரண்டு கைகளிலும் மூட்டு வீங்கும், சூடாக இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். சோர்வும் இருக்கும். இதைத் தள்ளிப் போடவே கூடாது. சீக்கிரம் மருத்துவரிடம் போனால், மூட்டு கோணிப் போகாமல் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. தாமதித்தால் கோணிய மூட்டு மருந்தால் நேராகாது.

மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குகிறவர்கள் நம்மிடையே பலர். அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் பெரியவர் அரசு மருத்துவமனைக்குப் போனார். அவருக்கு வந்திருப்பது தேய்மானம். கையை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் இறுகும், வலி கூடாத அளவுக்கு அசைத்துக்கொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொன்னார். அப்படியானால் கிட்டார் வாசிக்கலாமா? வாசிக்கலாம். ஆனால் பழைய முறையை மாற்ற வேண்டும்.

இப்படி மாற்றிக்கொண்ட ஒரு பெரிய கலைஞரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் லெஸ் பால். அமெரிக்காக்காரர். 1915இல் பிறந்தவர். மின்சாரக் கிட்டாரை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். 1948இல் அவர் போன கார் விபத்தில் சிக்கியது. வலது முழங்கை நொறுங்கியது. இனி அதை மடக்கி நீட்ட முடியாது, ஏதாவது ஒரு நிலையில்தான் நிற்கும் என்றார்கள் மருத்துவர்கள். லெஸ் பால் என்ன கேட்டார் தெரியுமா? கிட்டார் பிடிக்கிற மாதிரி மடக்கியே வைத்துவிடுங்கள் என்றார்! அப்படியே செய்தார்கள்.

பிறகு பல வருடம் அவர் மேடையை விட்டு ஒதுங்கி இருந்தார். இதயத்தில் பெரிய அறுவை சிகிச்சையும் நடந்தது. விரல்களில் மூட்டு வாதம் வந்தது. அதன் பிறகுதான், 1980களில், நியூயார்க் நகரில் ஒரு சிறிய அரங்கில் வாராவாரம் திங்கட்கிழமை இரவு வாசிக்கத் தொடங்கினார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மடங்காத விரலை விட்டுவிட்டு, மடங்குகிற விரலுக்குத் தக்கபடி வாசிப்பை மாற்றினார். இளமையில் வாசித்த வேகம் இல்லை. கேட்க வந்தவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. 2009இல், 94 வயதில் இறந்தார். அந்த வருடம் வரைக்கும் திங்கட்கிழமை வாசிப்பு நடந்தது.

லெஸ் பாலுக்குப் பேரும் பணமும் இருந்தன, நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலில் ஹவாய் என்ற தீவுகள் இருக்கின்றன. அங்கே கிட்டாரை மடியில் படுக்க வைத்து வாசிப்பார்கள். இடது கையில் ஒரு சிறிய எஃகுத் துண்டு இருக்கும். அதைக் கம்பி மேல் வைத்து வழுக்கிக்கொண்டு போவார்கள். விரல் நுனியால் அழுத்துவது இல்லை. விரல்களைத் தனித்தனியாக மடக்குவதும் இல்லை. நம் வீணையைப் போல ஒலி இழைந்து வரும்.

இந்த ஹவாய்க் கிட்டார் வங்காளத்தில் மிகவும் பரவியது. தாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கொல்கத்தாவிலேயே தங்கி வாசித்தார். கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா கிட்டார் கலைஞர். சுனில் கங்குலி சினிமாப் பாட்டுகளை இதில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். கொல்கத்தாவைச் சேர்ந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா இதில் ராகங்களை வாசித்து உலகம் முழுவதும் பெயர் பெற்றிருக்கிறார். இங்கே நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் சிறு வயதில் ஹவாய்க் கிட்டார் கற்றவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு பலர் தொடவே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

சாதாரணக் கிட்டாரையும் இப்படி மாற்றலாம். கம்பிகள் தலைப்பக்கம் ஒரு சிறிய கட்டையின் மேல் ஓடுகின்றன. அந்த இடத்தில் உயரமான ஒரு துண்டைப் பொருத்தினால் கம்பி மேலே எழும்பி நிற்கும். எஃகுத் துண்டு தடையில்லாமல் வழுக்கும். லால்பஜார் பக்கத்து இசைக் கருவிக் கடைகளில் கேட்டால் செய்து தருவார்கள். நம் பெரியவர் அப்படித்தான் செய்தார். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எஃகுத் துண்டைப் பிடிக்கவும் கட்டை விரலுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். கட்டை விரலின் அடியில் கடுமையான வலி உள்ளவர்களுக்கு இதுவும் சிரமம்தான்.

மடியில் படுக்க வைக்கப் பிடிக்காதவர்களும் இருப்பார்கள். அவர்கள் மெல்லிய கம்பி போடலாம். நைலான் கம்பிக் கிட்டார் இன்னும் மென்மை. கம்பியைச் சற்றுத் தளர்த்திச் சுருதியைக் குறைத்தால் அழுத்த வேண்டிய பலம் குறையும். கம்பிக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளியைக் கடைக்காரர் குறைத்துத் தருவார்.

வாசிப்பதற்கு முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சர்க்கரை நோயால் கை மரத்துப் போகிறவர்கள் வேறு ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் வாசித்தால் போதும். ஓய்வு எடுத்து இன்னொரு ஐந்து நிமிடம். மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் கிட்டாரைத் தொட வேண்டாம். அன்று பாட்டைக் கேளுங்கள். வாசித்த வலி மறுநாள் காலையிலும் இருந்தால், வாசித்தது அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள்.

பென்சில் பிடிக்கவே விரல் வலிக்கிறது என்பவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஒரு சைக்கிள் டியூப் துண்டைப் பென்சிலைச் சுற்றிக் கட்டுங்கள். பிடி தடிமனாகும். இறுக்கிப் பிடிக்கத் தேவை இருக்காது. கரண்டிக்கும் துடைப்பத்துக்கும் இதே வழிதான்.

பயிற்சி

1. காலையில் எழுந்ததும் உங்கள் விரல் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது? மணி பார்த்து ஒரு வாரம் எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் கொண்டு போங்கள். இப்படி எழுதலாம்:

திங்கள் – 20 நிமிடம். இடது கட்டை விரல் வலி.
செவ்வாய் – 15 நிமிடம். வீக்கம் இல்லை.
புதன் – 40 நிமிடம். நேற்று துணி நிறையத் துவைத்தேன்.

2. சிறு வயதில் உங்களுக்குத் தெரிந்த பாட்டு, கோலம், தையல், மேளம் எதையாவது இடையில் விட்டுவிட்டீர்களா? எந்த வயதில் விட்டீர்கள்? ஏன்? ஐந்து வரி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.