இன்ஜெக்டரும் கார்புரேட்டர் காலத்து நம்பிக்கைகளும்

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800 அதன் உரிமையாளரின் கைக்கு வந்து சேர்ந்ததற்குப் பிந்திய வருஷங்களில், டில்லி மத்தியதரக் குடும்பங்களில் காரோடு கூடவே, வாசலில் நிற்கும் வண்டியை வாசலிலேயே பழுது பார்த்துக்கொள்ளும் ஒரு வித்தையும் மெல்ல வேரூன்றிற்று. விடுமுறை நாளின் காலையில் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வாயால் ஊதி அடைப்பு நீக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எஞ்சினை உறும வைத்துவிடுகிற சமர்த்தர்கள் கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இருந்தார்கள். அவர்களுடைய அனுபவம் பொய்யன்று. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த விதிகளும் அக்காலத்துக்குப் பொருத்தமானவையே. ஆனால் எந்த இயந்திரத்துக்காக அவ்விதிகள் ஏற்பட்டனவோ அந்த இயந்திரம் இன்று புதுக் கார்களில் இல்லை.

அது மறைந்த கதை நீதிமன்றத்தோடு சம்பந்தப்பட்டது. டில்லியின் காற்று மாசைக் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில், தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் சொந்தக் கார்கள் 1999 ஜூன் 1 முதல், புகையின் மாசுக்கு வரம்பு கட்டும் யூரோ 1 விதிகளையும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 விதிகளையும் அனுசரிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் உத்தரவிட்டது. அளந்து அளந்து எரிபொருளைத் தரவேண்டிய அந்த நிர்ப்பந்தத்துக்குக் கார்புரேட்டர் ஈடுகொடுக்கவில்லை. அதன் ஸ்தானத்தை, கம்ப்யூட்டரின் கட்டளைப்படி திறந்து மூடும் இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளிய பழைய பம்பின் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான்; இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தமோ சாதாரணக் கார்களிலேயே மூன்று முதல் நான்கு பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு. இயந்திரம் சில வருஷங்களில் மாறிற்று, கைப்பழக்கம் மாறவில்லை. வீட்டில் இன்ஜெக்டர் மாற்றுகிறவர்களுக்கு நேரும் அபாயங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நம்பிக்கை: இரவெல்லாம் நின்ற வண்டியின் குழாயில் அழுத்தம் இராது.

உண்மை: கார்புரேட்டர் வண்டியில் இராது என்பது சரிதான். இன்ஜெக்டர் வண்டியிலோ, காலையில் சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் கிளம்பவேண்டும் என்பதற்காகவே, டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பில் ஒருவழி வால்வு அமைத்து, குழாயிலுள்ள அழுத்தம் இறங்காதபடி காத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆரோக்கியமான வண்டி எதுவோ, அதுவே அஜாக்கிரதையாகக் கழற்றுகிறவன் முகத்தில் பெட்ரோலைப் பீச்சியடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் ஆவியை வெளியேற்றி, மின்சாரப் பம்பின் பியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, அது தானாகவே மூச்சடங்கி நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகும் ஓரிரு முறை சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பதே முறை. இவ்வளவும் செய்த பிறகுகூட ஒரு மிச்சம் உள்ளே இருக்கும்; அதற்காகக் கண்ணாடி அணிந்து, குழாய் இணையும் மூட்டை ஒரு துணியால் சுற்றி, மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

நம்பிக்கை: டில்லிக் குளிரில் பெட்ரோல் சுலபமாகப் பற்றாது, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்யலாம்.

உண்மை: ஜனவரி மாதத்து டில்லியில் உஷ்ணமானி மூன்று நான்கு பாகைக்கு இறங்குவது சகஜம்; ஆனால் பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது பாகையிலும் பற்றக்கூடிய ஆவியை விடும் சுபாவம் உடையது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் உள்ள அடுக்கு மாடிக் குடியிருப்புகளின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இந்த வேலையைத் தொடங்குகிறவர், தம்முடைய வண்டியை மட்டுமல்ல, தமக்கு மேலே உறங்கும் பல குடும்பங்களையும் பணயம் வைக்கிறார். குளிருக்குப் பயந்து பக்கத்தில் ரூம் ஹீட்டரை ஏற்றி வைப்பது அதனினும் விபரீதம். திறந்த வெளி, பகல் வெளிச்சம், பக்கத்தில் உலர் பொடி நிரப்பிய ஏ.பி.சி. ரகத் தீயணைப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்கலாகாது. தண்ணீர் வாளி இதற்குப் பிரயோஜனப்படாது. தண்ணீரின்மேல் மிதந்தபடியே எரியும் பெட்ரோல், அந்தத் தண்ணீரோடு ஓடித் தீயைப் பரப்பும். பொடிக்குத் தீ அடங்கவில்லையென்றால் விலகி நின்று 101ஐ அழைக்க வேண்டியதுதான்.

நம்பிக்கை: எஞ்சின் தடுமாறினால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி.

உண்மை: தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், செத்துப்போன இக்னிஷன் காயிலும், எங்கோ காற்று உறிஞ்சும் விரிசலும், வலுவிழந்த பம்பும் இதே தடுமாற்றத்தைத் தருவன. ஸ்கேனரைச் செருகி எந்தச் சிலிண்டரில் குறை என்று தெரிந்துகொண்டு, முதலில் சுலபமாகக் கழலும் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால், குறையும் கூடவே இடம் பெயர்கிறதா என்பது தெரிந்துவிடும். அது பெயராதபோதுதான் இன்ஜெக்டர்மேல் சந்தேகம் கொள்வது நியாயம். அதன் இரு முனைகளுக்கிடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் சாதாரணப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். சிலர் பேட்டரியிலிருந்து நேரே இரண்டு வயரை இழுத்துத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயிலைக் கருக்குவதோடு, பெட்ரோல் கசியும் இடத்திலேயே தீப்பொறியையும் உண்டாக்கும்.

நம்பிக்கை: துளைக்குள் பொருந்துகிற இன்ஜெக்டர் எதுவாயினும் சரி, பழைய ஓ-ரிங்கையே போடலாம்.

உண்மை: காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளிலும் மாயாபுரிக் கழிவுச் சந்தையிலும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இன்ஜெக்டர்கள் எத்தனையோ கிடைக்கும்; உருவத்தால் ஒன்றாயினும், நிமிஷத்துக்கு இத்தனை பெட்ரோல் என்ற அளவிலும், அதைத் தூவும் விதத்திலும் அவை வெவ்வேறானவை. ஆகவே பாகத்தின் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். ஓ-ரிங்கோ, ஒருமுறை அழுத்தி நசுங்கினபின் பழைய வட்டத்துக்குத் திரும்புவதில்லை. மேலும் இப்போது எங்கும் விற்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் வகைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருத்தல் நலம். புது ஓ-ரிங்கில் சுத்தமான எஞ்சின் ஆயிலை விரல் நுனியால் மெல்லத் தடவி, சுத்தியலின் உதவியின்றிக் கையாலேயே நேராக அமர்த்த வேண்டும். ஆயில் தடவாமல் திருகினால் ரப்பர் அறுந்து, கண்ணுக்குத் தெரியாத கசிவாக நிற்கும்.

எல்லாவற்றையும் பூட்டிப் பியூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டிய பிறகு, உடனே எஞ்சினைக் கிளப்பும் ஆவல் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை திருப்பி, பம்பு அழுத்தம் ஏற்றியதும், ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, ஈரம் துளியும் இல்லையென்று தெளிந்த பின்னரே கிளப்ப வேண்டும். சூடேறிய எக்ஸாஸ்ட் அருகில் இருக்கும்போது கண்டுபிடிக்கும் கசிவு, காலம் கடந்து கண்டுபிடித்த கசிவு.

நம்பிக்கை: பெட்ரோல் காரில் செய்ததை டீசல் காரிலும் செய்யலாம்.

உண்மை: நம்பிக்கைகளுள் மிகக் கொடியது இதுவே. பழைய டீசல் வண்டிகளில், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது மிஸ்திரிகளின் சம்பிரதாயம். இன்றைய காமன் ரெயில் டீசலில் எஞ்சின் சும்மா ஓடும்போதே அழுத்தம் 300 பார் அளவில் இருக்கும். வேகம் ஏறினால் 1600 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துவாரத்தின் வழியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலால் தடவிக் கசிவைத் தேடுகிறவனுக்கு வெளியே ஒரு சிறு புள்ளியும், ஆரம்பத்தில் அற்ப வலியுமே தெரிய, உள்ளே சதை அழுகத் தொடங்கும். அது மருந்து தடவிக் காத்திருக்கும் காயமன்று. அறுவைச் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த மணி நேரத்திலேயே போய், டீசல் பாய்ந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய காயம். இதற்கு மேல், கார்பன் படிந்து சிலிண்டர் ஹெட்டோடு இறுகிப் போன இன்ஜெக்டரை இழுப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். பல வண்டிகளில் புதியதன்மேல் பொறித்துள்ள குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். 200 பாரை எட்டும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். இவற்றை டீசல் பம்பு வேலைக் கடையிலோ தேர்ந்த பட்டறையிலோ ஒப்படைப்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

ஆகவே வீட்டில் செய்யத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்று பிரித்தறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. தம் வண்டியின் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறதா, சிலிண்டருக்கு முன்னுள்ள வழியில் பாய்கிறதா என்பதையும், பம்பின் பியூஸ் எங்கே இருக்கிறது என்பதையும், வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தாவது சொல்ல முடிந்தவர், மேலே சொன்ன வரிசை பிசகாமல் சாதாரணப் பெட்ரோல் இன்ஜெக்டரைத் தாமே மாற்றலாம். இவ்விரண்டுக்கும் விடை தெரியாதவர், கார்புரேட்டர் காலத்தில் எத்தனை வண்டிகளைக் கழற்றி மாட்டியிருந்தாலும், ஸ்பேனரை எடுக்காமல் இருப்பதே விவேகம்.