வீட்டார் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோயா என்று அறிய, கேள்வித்தாளை என்னிடம் நீட்டுகிறார்கள். என் பதில் எப்படிச் சரியாகும்?

பதில்: பெருமளவு சரியாகும், ஆனால் அதுவே முடிவல்ல. 1989இல் ஆஸ்திரேலியாவில் ஆண்டனி ஜோர்ம் குழுவினர் வெளியிட்ட ஐகியூகோட் (IQCODE) என்ற வீட்டாருக்கான கேள்வித்தாள், சாமான் வைத்த இடம் நினைவிருக்கிறதா, கடையில் கொடுக்கும் பணத்தைச் சரியாகக் கையாள்கிறாரா என்று, பத்தாண்டுக்கு முன்பிருந்த அம்மாவோடு இன்றைய அம்மாவையே ஒப்பிடச் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகாதவரை நினைவாற்றல் தேர்வு எளிதில் நோயாளியாக்கிவிடும். ஒருவரை அவரோடே ஒப்பிடுவதால், இந்தக் கேள்வித்தாளில் அந்த அநியாயம் குறைவு. வீட்டார் மிகைப்படுத்த மாட்டார்களா? செய்யலாம்தான். பார்த்துக்கொள்பவரின் மனச்சோர்வும் கவலையும் மதிப்பெண்ணைப் பாதிப்பதை ஆய்வுகளே காட்டியுள்ளன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி, நோயுள்ள ஐவரில் சுமார் நால்வரை இந்தக் கேள்வித்தாள் கண்டுகொள்கிறது, ஒருவர் தப்பிவிடுகிறார். நோயில்லாத சிலரும் சிக்குகிறார்கள். ஆகவே அம்மாவிடம் நேரடிச் சோதனையும் அவசியம். மறதிக்கு வேறு காரணங்களாகக்கூடிய தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.