'பார்த்துப் பண்ணுங்க' என்றால் சம்மதமா?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் 2012 மாடல் பென்ஸ் ஈ-கிளாஸ் கார் இருக்கிறது. வீட்டுத் தேவைக்குத்தான் ஓட்டுகிறோம். வழக்கமான சர்வீஸுக்காக ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற 48,000 ரூபாய் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மெக்கானிக் போனில், "சார், முன்பக்கம் கொஞ்சம் வேலை இருக்கு" என்றார். "பார்த்துப் பண்ணுங்க" என்றேன். இப்போது சஸ்பென்ஷன் ஆர்ம், வாட்டர் பம்ப், இன்ஜின் மவுண்டிங் மாற்றியதையும் சேர்த்து மொத்தம் 1,86,000 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. முழுப் பணமும் கட்டாவிட்டால் காரை விற்றுக் கழித்துக்கொள்வார்களாம். நான் என்ன செய்வது?

– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் காரை விற்க அவர்களுக்கு உரிமை கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவின்படி, ஒரு பொருளில் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், அந்த வேலைக்குச் சேரவேண்டிய கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். விற்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தரவில்லை. அதுவரை காரைக் கவனமாகப் பாதுகாக்கும் கடமையும் (பிரிவு 151) அவர்களுடையதே.

அடுத்து, "சேரவேண்டிய" தொகை எவ்வளவு? எழுதிக் கொடுத்த 48,000 ரூபாயில் வழக்கே இல்லை. கூடுதல் வேலையில்தான் சிக்கல். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆகவே 'ஓனர் போனில் ஒத்துக்கொண்டார்' என்று அவர்கள் வாதிடுவார்கள். ஆனால், இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றால்தான் அது சம்மதம் என்கிறது 13-ஆவது பிரிவு. எந்தப் பாகம், என்ன விலை என்று எதுவும் சொல்லாத பேச்சு, ஒன்றரை லட்சம் ரூபாயை நெருங்கும் வேலைக்குச் சம்மதமாகாது என்பதே உங்கள் வலுவான வாதம்.

'வேலையின் பலனை அனுபவிக்கப் போகிறவர் அவர்தானே' என்று 70-ஆவது பிரிவையும் காட்டக்கூடும். ஆனால், செய்து முடித்ததை ஏற்க மறுக்கும் உரிமை மற்றவருக்கு உண்டு. அவர் ஏற்காதபோது இந்தப் பிரிவு பொருந்தாது என்று பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் மறுப்பை இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பேசாமல் காரை எடுத்து ஓட்டத் தொடங்கினால் இந்த வாதம் பலவீனப்படும்.

கார் கம்பெனி பெயரில் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாதோ என்ற கவலை வேண்டாம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக நிறுவனம் வாங்கிய காரை வணிக நோக்கத்துக்கானது என்று சொல்ல முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் பென்ஸ் கார் தொடர்பான வழக்குதான். புகாரைக் கம்பெனி பெயரிலேயே, உங்களுக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானத்துடன் கொடுங்கள். கார் வீட்டு உபயோகத்துக்கு என்பதற்கான ஆதாரத்தையும் இணையுங்கள்.

இப்போது செய்யவேண்டியவை:

1. ஜாப் கார்டு, எஸ்டிமேட், ஸ்பேர் வேறு கூலி வேறாகப் பிரித்த பில், கழற்றிய பழைய பாகங்கள் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். செய்த வேலைக்கு பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

2. 48,000 ரூபாயைச் செலுத்த முன்வந்து வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள்.

3. கார் அவசரமாகத் தேவையென்றால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, வங்கி வழியாக மீதியைக் கட்டி எடுத்துவிடுங்கள். உடனே வேறொரு தகுதியான பொறியாளரிடம் காட்டி, மாற்றியதாகச் சொன்ன பாகங்கள் உண்மையில் புதியவையா என்று அறிக்கை வாங்குங்கள்.

4. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். காரை விடுவிக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

ஒர்க்‌ஷாப் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். பத்து வயது தாண்டிய சொகுசுக் காரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பல தேய்மானங்கள் தெரியவரும். கூடுதல் வேலை வருவது குற்றமல்ல. கேட்காமல் செய்வதுதான் தவறு. அடுத்த முறை வண்டியை விடும்போதே, 'எஸ்டிமேட்டுக்கு மேல் 5,000 ரூபாய் தாண்டினால் வேலையை நிறுத்தி, பாகமும் விலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்த பின்பே தொடரவேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக்குக் கூலி உறுதியாகும். உங்களுக்கும் செலவு கைமீறாது.