கமிஷன் கணக்கில் கடைசி வரியைப் பாருங்கள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் லேப்டாப் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் இளைஞர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்கள் போனுக்கு டெலிகிராமில் வந்து விழும் வேலை ஒன்று: 'அஃபிலியேட் எக்ஸிகியூட்டிவ், ஐகேமிங் துறை, வீட்டிலிருந்தே வேலை, சம்பளத்தோடு கமிஷன்.' ஐகேமிங் என்றால் பெரும்பாலும் ஆன்லைன் சூதாட்டம்தான். அஃபிலியேட் என்பவர் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குபவர். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை லாட்ஜ் வாசலில் விட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்ளும் ஆட்டோக்காரரின் வேலையை இங்கே ஒரு லிங்க் செய்கிறது.

முதலில் சட்டம். ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் அது தடை செய்கிறது. விளம்பரம் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை, ₹50 லட்சம் வரை அபராதம். தமிழ்நாடு அதற்கு முன்பே முந்திக்கொண்டது. நீதியரசர் கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு கொண்டுவந்த மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதிலும் விளம்பரம் செய்பவருக்குத் தண்டனை உண்டு. 'கம்பெனி குராசாவ் தீவில் பதிவானது, உங்களுக்கு ஒன்றும் வராது' என்று ஆள் எடுப்பவர் சொல்வார். மத்தியச் சட்டம் வெளிநாட்டிலிருந்து இங்கே நடத்தும் ஆட்டங்களையும் சேர்த்தே பேசுகிறது. லிங்க் போடும் நீங்களோ திருவண்ணாமலையில் இருக்கிறீர்கள். அதனால் என் ஆலோசனை ஒன்றுதான்: அந்த வேலை வேண்டாம்.

சரி, சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். இந்தத் துறையில் கமிஷன் இரண்டு வகை. பணம் கட்டும் ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரே தடவை தருவது சிபிஏ. நீங்கள் சேர்த்த ஆட்கள் தோற்கும் பணத்தில் மாதாமாதம் பங்கு தருவது ரெவின்யூ ஷேர். இரண்டாவதுதான் ஆசை காட்டும். அதன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் லிங்க்கை 10,000 பேர் தட்டுகிறார்கள், 300 பேர் பதிவு செய்கிறார்கள், 60 பேர் பணம் கட்டுகிறார்கள். அந்த 60 பேரும் சேர்ந்து மாதத்தில் ₹3,00,000 தோற்கிறார்கள். டேஷ்போர்டில் பெரிய எழுத்தில் தெரிவது இந்த எண்தான். இதிலிருந்து கம்பெனி கொடுத்த போனஸ் ₹75,000 கழியும். பேமெண்ட் கட்டணம், நிர்வாகச் செலவு என்று ₹45,000 கழியும். மிச்சம் ₹1,80,000. உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் ₹54,000. அந்தப் பத்தாயிரம் பேரை வரவழைக்க விளம்பரத்துக்கு ₹48,000 செலவழித்திருந்தால் கையில் நிற்பது ₹6,000. உங்கள் ஒரு மாத உழைப்புக்கு அதுதான் கூலி.

அடுத்த மாதம் அந்த அறுபதில் ஒருவர் ₹4,00,000 ஜெயிக்கிறார், மற்றவர்கள் ₹2,50,000 தோற்கிறார்கள். வேறு பிடித்தம் எதுவுமே இல்லை என்றாலும் மொத்தக் கணக்கு மைனஸ் ₹1,50,000. உங்கள் பங்கும் மைனஸ் ₹45,000. சில ஒப்பந்தங்களில் இந்த மைனஸ் அடுத்த மாதத்துக்குத் தூக்கி வைக்கப்படும். அதை அடைத்த பிறகே உங்களுக்குப் பணம் வரும். இந்த ஷரத்து ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், ஆள் எடுப்பவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

கணக்குக்கு அப்பால் இன்னொன்று என்னை உறுத்துகிறது. இந்த முறையில் நீங்கள் நன்றாக வேலை செய்தீர்கள் என்பதற்கு அடையாளமே உங்களை நம்பி வந்தவர் அதிகம் தோற்றார் என்பதுதான். சூதாட்டம் சட்டப்படி நடக்கும் பிரிட்டனிலேயே ஸ்கை பெட் நிறுவனம் 2017இல் தன் அஃபிலியேட் திட்டத்தை மூடியது. நம் ஊரில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தி எத்தனை வந்துவிட்டது! அந்த வருமானத்தில் பங்கு வாங்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்குத் திறமை வீணாக வேண்டியதில்லை. கிளிக், பதிவு, பணம், கழிவு, நிகரம் என்று படிப்படியாக அளக்கத் தெரிந்தவருக்கு ரமணாசிரமம் பகுதியிலேயே வேலை இருக்கிறது. தங்குமிட புக்கிங், யோகா வகுப்பு, புத்தகம் என்று கமிஷன் தரும் நேர்மையான திட்டங்களும் உள்ளன.

தங்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில் எங்கே தங்கலாம் என்று நீங்கள் எழுதிய பக்கத்திலிருந்து 2,000 பேர் புக்கிங் தளத்துக்குப் போகிறார்கள். 25 பேர் அறை போடுகிறார்கள். ஒரு புக்கிங் ₹6,000, உங்கள் கமிஷன் 4 சதவீதம், அதாவது ₹240. 25 புக்கிங்குக்கும் சேர்த்து டேஷ்போர்டு உடனே ₹6,000 கமிஷன் காட்டும். அதை நம்பிச் செலவு செய்துவிடாதீர்கள். விருந்தினர் தங்கிவிட்டுக் கிளம்பிய பிறகே கமிஷன் உறுதியாகும். எட்டுப் பேர் ரத்து செய்தால் மிச்சம் 17, வருமானம் ₹4,080. ஒரு கிளிக்குக்கு ₹2.04. விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 90 பைசா கொடுத்திருந்தால் செலவு ₹1,800, கையில் நிற்பது ₹2,280. வரவும் செலவும் ஒரே அளவுகோலில், அதாவது ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்று வந்துவிட்டால் எந்தப் பக்கத்தை வளர்ப்பது, எதை நிறுத்துவது என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் லிங்க்குக்கும் தனி அடையாளக் குறி வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பக்கத்தின் வருமானமும் ஒரே குவியலாக வரும், பிரிக்கவே முடியாது.

இங்கே சீசனை மறந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகும். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஊரே நிரம்பும். வெளிநாட்டவர் கூட்டம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாத வெயிலில் அதே தெரு காலியாகக் கிடக்கும். டிசம்பரை நவம்பரோடு ஒப்பிட்டுப் பூரிக்காதீர்கள், போன டிசம்பரோடு ஒப்பிடுங்கள். பௌர்ணமி எந்தத் தேதியில் விழுந்தது என்று கணக்குத்தாளில் ஒரு பத்தி போட்டுக் குறித்து வையுங்கள். வெளியூர் அனலிஸ்ட்டுக்கு இது தோன்றாது, உங்களுக்குத் தோன்றும்.

கமிஷன் வராத தகவலையும் எழுதுங்கள். ஆசிரமத்தில் தங்க விரும்புபவர்கள் முன்கூட்டியே ஆசிரமத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்க வேண்டும். அறைக்குக் கட்டணம் கிடையாது, உங்களுக்குக் கமிஷனும் கிடையாது. அதைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். லிங்க் மூலம் உங்களுக்குப் பணம் வருகிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விளம்பரதாரரோடு உள்ள பணத் தொடர்பை மறைக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பொருளை விற்கிறீர்கள்? ரத்தானால் கமிஷன் எப்படிக் கழியும்? மைனஸ் அடுத்த மாதத்துக்குப் போகுமா? பதிலை மெயிலில் வாங்குங்கள். டெலிகிராமில் மட்டும் பேசுவேன் என்பவரிடம் பான் கார்டு நகலோ வங்கிக் கணக்கு விவரமோ தர வேண்டாம். இந்திய நிறுவனம் கமிஷன் தந்தால், ஆண்டுக்கு ₹20,000 தாண்டும்போது பொதுவாக 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறாமல் இருந்தால் அன்றே மெயில் அனுப்புங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.