சமூக இயலும் சிற்றூர் இளைஞரும்

மகன் பொறியியல் பயில்கிறான் என்பதைத் தந்தை பெருமையுடன் கூறுகிறார். சமூக இயல் பயில்கிறான் என்றாலோ, "அதனால் என்ன பயன்?" என்று ஊரார் வினவுகின்றனர். இவ்வினாவிற்கு விடை காண்பது ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் நன்மை தருவதாகும்.

மண்ணை ஆராய வேளாண் இயல் இருப்பதுபோல, மக்கள் வாழ்வை ஆராயச் சமூக இயல்கள் உள்ளன. பொருளியல், சமுதாய இயல், அரசியல், நில நூல், உளவியல் ஆகியன அவற்றுட் சில. ஓர் ஊரில் பொதுக்கிணறு எங்கே தோண்டுவது என்பதை நீரூற்று மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் யார் தடையின்றி நீர் மொள்வர், யார் ஒதுங்கி நிற்க நேரிடும் என்பதும் அறியத்தக்கது. அதனை ஊகத்தால் அன்றி, வீடு வீடாகக் கேட்டறிந்து கூறுவதே சமூக இயல்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு 1915-இல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களிடம் வினாப் பட்டியல் தந்து, தாம் நன்கறிந்த ஊரை ஆராய்ந்து வரப் பணித்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அறிக்கைகள் 1918-இல் நூலாயின. பின்வந்த அறிஞர்கள் அவ்வூர்களுட் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்தனர். நிலமும் கூலியும் தலைமுறைதோறும் எவ்வாறு மாறின என்பதை நாம் இன்று அறிவதற்கு, அம்மாணவர்கள் எழுதிய குறிப்புகளே அடிப்படை.

இத்தகைய கல்வியைத் தொலைவு செல்லாமலே பெறும் வழியாகச் சமுதாயக் கல்லூரி தோன்றியது. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் இவ்வகைக் கல்லூரி தொடங்கியது. அங்கு மாணவர் ஈராண்டு பயின்று, பின்னர்ப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து பட்டப் படிப்பை நிறைவு செய்யலாம். நம் நாட்டில் 1990-களில் தோன்றிய சமுதாயக் கல்லூரிகள், பெரும்பாலும் தொழிற்றிறனையும் வாழ்க்கைத் திறனையும் இணைத்துக் கற்பிப்பன.

இனி, வேலைவாய்ப்பு. கணக்கெடுப்புக் களப்பணி, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வழிகாட்டுதல், தொண்டு நிறுவனப் பணி, கூட்டுறவுப் பணி ஆகியவற்றிற்கு இக்கல்வி துணை செய்யும். பட்டம் பெற்றோர் அரசுப் பணித் தேர்வுகளை எழுதலாம். ஆசிரியராக விரும்புவோர் கல்வியியல் பட்டமும் பெறல் வேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: சான்றிதழோ பட்டயமோ பட்டத்திற்கு ஈடாகாது. ஆதலின், சேருமுன், "இப்படிப்பை எந்தப் பல்கலைக் கழகம் ஏற்கும்? மேற்படிப்பில் இது கணக்கிடப்படுமா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் நலம். இதனைக் கேளாமற் சேர்ந்து ஈராண்டையும் பொருளையும் இழப்பது ஏழைக் குடும்பத்திற்குத் தாங்கொணாச் சுமையாகும்.

ஊராட்சியினர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவரிடம் ஒரு தெருவின் குடிநீர் நிலையையோ, பள்ளியை விட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையையோ கணக்கெடுக்கும் பொறுப்பை அளிக்கலாம். அவ்வறிக்கையைக் கிராம சபையில் படிக்கச் செய்யலாம். மாணவருக்கு அது பயிற்சி. ஊருக்கு அது கண்ணாடி. தன் நிலையைத் தானே அறிந்த ஊர், தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுப் பெறும்.