இளமைத் துன்பத்தை எழுதி வைத்தல்

நெடுநாள் நோய்க்கு ஓர் இயல்பு உண்டு. அது மனிதரைப் பழைய நாள்களிடம் அழைத்துச் செல்லும். உறக்கம் வராத இரவிலும், டயாலிசிஸ் படுக்கையில் கழியும் நான்கு மணி நேரத்திலும், சிறுவயதில் பட்ட பசியும், கடன்காரர் வாசலில் வந்து நின்ற காட்சியும், பாதியில் விட்ட படிப்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் இது நேர்வதுண்டு. “என் கதையை எழுதினால் ஒரு புத்தகமே ஆகும்” என்று சொல்லாதவர் நம் பகுதியில் அரியர். எழுதியவரோ மிகச் சிலர். எழுத விரும்புவோர் எங்கே தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது என்பவற்றை, எழுதி முடித்த இருவரைக் கொண்டு இங்கே பார்ப்போம்.

முதலாமவர் நமக்கு அயலார் அல்லர். தமிழ்த் தாத்தா எனப் போற்றப்படும் உ.வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். குடும்பத்தின் சொந்த ஊர் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். எனினும் அவருடைய இளமையின் பெரும்பகுதி கழிந்தது நம் மண்ணில்தான். கீழப்பழுவூரில் பேருந்து ஏறினால் விரைவில் சென்று சேரக்கூடிய அரியலூரில் அவர் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். பின்னர்க் குன்னம், கார்குடி, செங்குணம் என அக்குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர்; உடையார்பாளையம் சமஸ்தானத்தோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லி, கேட்டவர்கள் அளித்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். நிலையான வருவாய் இல்லை. மகனுக்கோ தமிழ்ப் பசி. அடுத்த நூலை யார் கற்பிப்பார் என்பதும், அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்பதும் அவ்வீட்டில் ஒரே சமயத்தில் எழுந்த கவலைகள்.

இவற்றையெல்லாம் அவர் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுதியிருக்கிறார். 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 85. எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய செய்திகளை அவரால் எவ்வாறு அத்தனை தெளிவாகச் சொல்ல முடிந்தது? நினைவாற்றல் ஒரு காரணம். சொல்லும் முறை மற்றொரு காரணம் என்பது என் கருத்து. அவர் தம் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. ஊரின் கதையிலிருந்து தொடங்குகிறார். எந்த ஊரில் இருந்தோம், யார் இடம் தந்தார், யாரிடம் எந்த நூலைப் பாடங்கேட்டேன் என்று இடத்தையும் ஆளையும் பற்றிக்கொண்டு செல்கிறார். “நாங்கள் ஏழைகள்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவதில்லை. வறுமை வரும் பக்கத்தில், அதைத் தணித்த ஒருவரின் பெயரும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. செங்குணத்தில் காரிகை கற்பித்த விருத்தாசல ரெட்டியாரை இன்று தமிழுலகம் அறிந்திருப்பது அந்த மாணவர் மறவாமல் எழுதியதனால்தான்.

எழுதத் தொடங்குவோர் இதை அப்படியே பின்பற்றலாம். “என் இளமை மிகவும் துயரமானது” என்னும் வாக்கியத்தை எழுதினால் அடுத்த வாக்கியம் வராது. “நாங்கள் குடியிருந்த கூரை வீட்டின் வாசல் எந்தத் திசையை நோக்கியிருந்தது?” என்று தம்மையே கேட்டுக்கொண்டால் பத்து வாக்கியங்கள் வரும். திண்ணை, அடுப்பு, பக்கத்து வீட்டு அத்தை, அவர் வேலிக்கு மேலே நீட்டிய கஞ்சிச் செம்பு என்று அவை தொடரும். துன்பத்தின் அளவை வாசகரே உணர்ந்துகொள்வார். எழுதுபவர் அளந்து காட்ட வேண்டியதில்லை.

உ.வே.சா.விடம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி, அவர் தம் கதையை முதலில் எழுதவில்லை என்பது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட பின்னரே தம் வரலாற்றுக்கு வந்தார். அந்த ஆசிரியர் 1876இல் நோயுற்றுக் கிடந்தபோது உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுள் இருபது வயது மாணவராகிய இவரும் ஒருவர்; இறுதி வேளையில் திருவாசகம் படித்தவரும் இவரே. நோயாளியைப் பேணும் வாசகர்கள் அப்பகுதியைத் தேடிப் படிக்கலாம். ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறவர்கள், தாயைப் பற்றியோ, வளர்த்த பாட்டியைப் பற்றியோ முதலில் எழுதட்டும். அதற்குள் தம் இளமை தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும்.

இரண்டாமவர் எழுத்தாளர் பாமா. 1958இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த காரணத்தால் சிறுவயதிலேயே கண்ட இழிவுகளையும், துறவற மடத்தில் வாழ்ந்த ஆண்டுகளையும் ‘கருக்கு’ என்னும் நூலாக 1992இல் வெளியிட்டார். கருக்கு என்பது பனைமட்டையின் ஓரத்தில் வாள்போல் இருக்கும் கூரிய விளிம்பு. மடத்தைவிட்டு வெளியேறி, கையில் பொருளும் வேலையும் இல்லாதிருந்த காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. உ.வே.சா.வின் நூலில் நன்றி மேலோங்கி நிற்கிறது; இந்நூலில் சினம் மேலோங்கி நிற்கிறது. இரண்டும் உண்மையே. பட்ட துன்பம் பிறர் செய்த அநீதியால் வந்ததாயின், நன்றிப் பெருக்கோடுதான் எழுத வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தலாகாது. “நடந்ததை மறந்துவிடு” என்று அறிவுரை கூறும் உறவினர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பாமா தம் மக்கள் பேசும் பேச்சுமொழியிலேயே நூலை எழுதினார். அக்காலத்தில் அது புதுமை. இலக்கணப் பிழை வருமோ என்று அஞ்சி எழுதாமல் இருப்பவர்களுக்கு இது நல்ல துணிவு தரும். அரியலூர்ப் பக்கத்துப் பேச்சில் எழுதினால் குறைவொன்றுமில்லை. இங்ஙனம் செந்தமிழில் கட்டுரை எழுதுபவனே அதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்.

எனினும் ஓர் எச்சரிக்கை. ‘கருக்கு’ வெளிவந்த தொடக்கத்தில் அவருடைய சொந்த ஊராரே மனம் வருந்தினர், நாளடைவில்தான் ஏற்றுக்கொண்டனர். நம் கதையில் நாம் மட்டும் இருப்பதில்லை. குடித்த தந்தையும், கைவிட்ட அண்ணனும், அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆதலின் எழுதுவதும் வெளியிடுவதும் இருவேறு செயல்கள் எனக் கொள்க. எழுதும்போது எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. பிறர் கையில் கொடுக்கும் முன்னர், உயிரோடு இருப்பவரின் பெயரை மாற்றலாம், ஊரை மறைக்கலாம், ஒரு பக்கத்தை எடுத்தே வைக்கலாம். ‘பாமா’ என்பதுகூடப் புனைபெயர்தான்.

எழுதுவதால் உடலுக்கு நன்மை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து கல்லூரி மாணவர் 46 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். நாள்தோறும் 15 நிமிடம் வீதம் நான்கு நாள்கள் அவர்கள் எழுதினர். தம் வாழ்வின் கடுந்துயரத்தை, நடந்ததும் அப்போது உணர்ந்ததுமாகச் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைவாக இருந்தது. 1999இல் ஜோஷுவா ஸ்மித் முதலியோர் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் செய்த ஆய்விலும், நான்கு மாதங்களுக்குப் பின் பயன் தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இப்பயன் சிறியதாகவே காணப்பட்டது, எல்லோருக்கும் கிட்டவுமில்லை. எனவே இது மருந்துக்கு மாற்று அன்று. மாத்திரையை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டா.

அந்த 1986ஆம் ஆண்டு ஆய்விலேயே, எழுதிய உடனே மனச்சோர்வு மிகுந்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே எழுதிய அன்று கனத்த மனத்தோடு இருப்பது வியப்பன்று. ஆனால் பல நாள் உறக்கம் கெட்டாலோ, பழைய காட்சி விடாமல் துரத்தினாலோ, உயிர் வெறுத்த எண்ணம் தோன்றினாலோ உடனே எழுதுவதை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி-மானஸ் எண் 14416; கட்டணமில்லை; எந்நேரமும் தமிழில் பேசலாம். சிறுவயதில் பாலியல் கொடுமையோ கடும் அடியோ பட்டவர்கள், மனநல ஆலோசகரின் துணை இல்லாமல் அப்பகுதியை எழுதத் தொடங்காதிருப்பதே நல்லது.

கை நடுங்குபவரும், பள்ளி செல்லாதவரும் எவ்வாறு எழுதுவது? முதுமையில் உ.வே.சா.வுக்கு எழுத்துப்பணியில் துணையாக இருந்தவர் மாணவர் கி.வா. ஜகந்நாதன். அப்பணியை நம் வீட்டில் பேத்தியோ மருமகனோ செய்யலாம். கைபேசியில் குரலைப் பதிவு செய்து பின்னர் எழுதிக்கொள்வது எளிது. உணவுக்குப் பின், நோயாளி களைப்பின்றி இருக்கும் கால் மணி நேரம் போதும். எழுதுபவர் நடுவில் திருத்தக் கூடாது. “அது அப்படியில்லை தாத்தா, அம்மா வேறு மாதிரி சொன்னார்களே” என்று குறுக்கிட்டால் பேச்சு நின்றுவிடும். அதைத் தனித்தாளில் குறித்து வைத்துக்கொள்க. சொல்பவர் அழுதால் சற்றுப் பேசாமல் உடனிருங்கள். தொடரலாமா, இன்று போதுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அன்று எழுதியதை மறுநாள் உரக்கப் படித்துக் காட்டுக. “இங்கே ஒன்று விட்டுப்போயிற்று” என்று அவர் சொல்லும் இடத்திலிருந்து அடுத்த பகுதியைத் தொடங்கலாம்.

‘என் சரித்திரம்’ 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. 1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமானார். தொடரில் வந்த அளவிலேயே அது 1950இல் நூலாயிற்று. விட்டுப்போன பிற்காலத்தைக் கி.வா.ஜ. பின்னாளில் ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலில் எழுதினார்.