மலடு என்று சொல்லுமுன்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய காணியில் மீண்டும் கமத்தைத் தொடங்கும்போது மூன்று விதமான ஏமாற்றங்களை அடிக்கடி சந்திக்கின்றது. பூசணிக்கொடி நிறையப் பூக்கின்றது, பிஞ்சு நிற்பதில்லை. எப்படியோ காப்பாற்றிக் கொண்டுவந்த பசு ஒரு வருடம் கடந்தும் சினைப்படுவதில்லை. மணமாகி இரண்டு வருடமான பெண்ணுக்குக் குழந்தை இல்லை.

இம்மூன்றுக்கும் நம்மிடையே ஒரே சொல்லே வழங்குகின்றது: மலடு. அச்சொல்லைச் சொன்னவுடன் ஆராய்வதை நிறுத்திவிடுகிறோம். கொடியைப் பிடுங்கி எறிகிறோம். பசுவை இறைச்சிக்காரருக்கு விற்கிறோம். பெண்ணை நல்ல காரியங்களில் முன்னே வரவிடாமல் ஒதுக்குகிறோம்.

இனப்பெருக்கம் பற்றி முந்நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகள் நமக்கு வேறொன்றைச் சொல்கின்றன. ஓர் உயிர் தன் இனத்தைப் பெருக்குவதற்கு மூன்று தேவைகள் உள்ளன. ஆண் கூறும் பெண் கூறும் உரிய வேளையில் சேரவேண்டும். உடலில் போதிய போசணை இருக்கவேண்டும். நோய் தடையாக இருக்கக்கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பலன் நின்றுவிடும். குறையைக் கண்டு நீக்கினால் பல வேளைகளில் பலன் திரும்பிவரும். எனவே மலடு என்று சொல்லுமுன் எது குறைகின்றது என்று கேட்கப் பழகுவோம்.

பூக்கும் கொடி ஏன் காய்ப்பதில்லை?

செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் ஜேர்மனியின் டுபிங்கன் நகரில் தாவரத் தோட்டமொன்றின் பொறுப்பாளராக இருந்த ருடோல்ப் கமராரியஸ். அவர் எடுத்த செடிகளுள் ஒன்று நமக்கு நன்கு தெரிந்த ஆமணக்கு. ஆமணக்கின் பூங்கொத்தில் மேலே பெண் பூக்களும் கீழே ஆண் பூக்களும் இருக்கும். ஆண் பூக்கள் வெடிப்பதற்கு முன்பே அவற்றை அவர் கிள்ளி அகற்றினார். காய்கள் தோன்றின, உள்ளே முளைக்கக்கூடிய வித்து இருக்கவில்லை. சோளப்பொத்தியின் நூல்களை வெட்டிவிட்டபோது மணி பிடிக்கவில்லை. இம்முடிவுகளை 1694 இல் வெளியிட்டார். பூக்களிலிருந்து மகரந்தத்தைக் கொண்டு செல்வதில் பூச்சிகளின் பங்கை அதே நாட்டவரான கிறிஸ்டியன் ஸ்பிரெங்கல் 1793 இல் விரிவாக எழுதினார்.

இந்த அறிவை நமது பூசணிப் பந்தலுக்குக் கொண்டுவருவோம். பூசணியிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும்; ஆண் பூவுக்கு நீண்ட காம்பு மட்டுமே. முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. ஆகையால் ஆரம்பத்தில் பூக்கள் உதிர்வதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெண் பூ வந்த பின்னும் பிஞ்சு மஞ்சளாகி விழுமானால், மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கவேண்டும். பூசணியின் மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது. தேனீ போன்ற பூச்சிகளே அதைச் சுமக்கவேண்டும். பற்றைகளையும் மரங்களையும் அழித்துப் புதிதாகத் திருத்திய காணியிலும், காலையில் பூச்சிநாசினி விசிறும் காணியிலும் தேனீ குறைந்துவிடும்.

பெண் பூ விரிந்திருப்பது ஒரு காலைப் பொழுது மட்டுமே. அன்று மதியத்துக்குள் வாடிவிடும். எனவே பின்வருமாறு செய்து பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் அன்று விரிந்த ஆண் பூவைக் காம்புடன் பறியுங்கள். இதழ்களை நீக்குங்கள். நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்குப் போதும். மருந்து அடித்தே ஆகவேண்டுமாயின் பூக்கள் மூடிய பின் மாலையில் அடியுங்கள். யூரியாவை அளவுக்கு மேல் இடவேண்டாம். கொடி கொழுத்து இலை பெருகுமேயன்றிப் பெண் பூ பெருகாது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அதன் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் உரிய வேளை உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சட்டாக்கே, யோஷிடா ஆகிய இரு ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளின் முடிவு 1978 இல் வெளியாயிற்று. பூ விரியும் அந்தச் சிறு நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தால் கதிர் பதராகும் என்று அது காட்டியது. பூக்கும் பருவத்தில் தண்ணீர் வற்றினாலும் இதே நிலைதான். ஆகவே நீர் குறைவான இடத்தில் எந்த நாட்களில் நீரைச் சேமிக்கமுடியாவிட்டாலும் கதிர் வெளிவரும் நாட்களுக்கு நீரை ஒதுக்கி வையுங்கள். விதைநெல் கெட்டது என்று பழி சொல்லுமுன் அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

பசு ஏன் சினைப்படவில்லை?

பசு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறை வேட்கைக்கு வருகின்றது. வேட்கை நீடிப்பது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. நமது நாட்டு மாடுகளில் இது இன்னும் குறுகியது. இரவிலேயே தொடங்கி முடிந்துவிடுவதும் உண்டு. மந்தையில் நிற்கும் பசு, மற்ற மாடு தன்மேல் ஏறும்போது அசையாமல் நின்று காட்டும். கொட்டிலில் தனியே கட்டிய பசு அப்படிக் காட்டமுடியாது. ஆகையால் ஓயாது கத்துதல், தீன் குறைதல், பால் குறைதல், கண்ணாடி போன்ற தெளிந்த சளி வடிதல் ஆகிய குறிகளைக் காலையிலும் மாலையிலும் படுக்கப்போகுமுன்னும் அவதானிக்கவேண்டும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிரிம்பேர்கர் என்பவர் செய்து 1948 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஓர் எளிய விதி பிறந்தது. காலையில் வேட்கை கண்டால் அன்று மாலை சினைப்படுத்துக. மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினைப்படுத்துக. பசுவின் சூல் வேட்கை முடிந்து சில மணி நேரத்தின் பின்னரே வெளிவருவது இதற்குக் காரணம். பிந்தினால் சூல் வீணாகிவிடும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கும் நாம்பனுக்கும் இவ்விதி பொருந்தும்.

வேட்கையே வராத பசுவின் கதை வேறு. அதன் விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணமுடிகிறதா? இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறதா? அப்படியாயின் அது பசியால் இனப்பெருக்கத்தை நிறுத்தி வைத்திருக்கின்றது. கன்று ஈன்றபின் பால் கொடுப்பதற்குப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கின்றது. ஆகவே ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களில் கொடுக்கும் தீனே அடுத்த சினைக்கு அடித்தளம். புல்லுடன் கிளிரிசிடியா, முள்முருக்கு போன்ற குழைகளையும், இயன்றால் தவிடும் புண்ணாக்கும் கனியுப்பும் சேர்த்துக் கொடுங்கள். குடற்புழு மருந்தையும் மறக்கவேண்டாம். நாள் முழுவதும் கன்று ஊட்டிக்கொண்டே இருந்தாலும் வேட்கை பிந்தும். கன்று புல் தின்னத் தொடங்கிய பின் தனியே கட்டி, வேளைக்கு விட்டு ஊட்டச்செய்வது நல்லது.

நாம்பனையும் நாம் பார்க்கவேண்டும். ஒரே நாம்பனிடம் விட்ட பல பசுக்கள் 21 நாளில் திரும்பவும் கத்தினால் குறை நாம்பனில் இருக்கலாம். நாம்பனின் உடலில் விந்து உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். கடும் காய்ச்சல் கண்ட நாம்பன் தேறிய பின்பும் அதுவரை பலன் குன்றியே இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சினைப்பட்ட பசு ஐந்து மாதத்துக்குப் பின் கன்றை வீசினால் புரூசெல்லோசிஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கக்கூடும். இது மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள். பாலைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.

மூளையிலிருந்து வரும் கட்டளை

பசித்த பசுவின் உடல் இனப்பெருக்கத்தை நிறுத்துவது எவ்வாறு? 1971 இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இதன் திறவுகோலைக் கண்டன. அன்ட்ரூ ஷலியின் குழு பன்றிகளின் மூளைகளிலிருந்தும், ரொஜர் கியமனின் குழு செம்மறிகளின் மூளைகளிலிருந்தும் மிகச் சிறிதளவான ஓர் ஓமோனைப் பிரித்தெடுத்தன. பத்து அமினோ அமிலங்களால் ஆன அந்த ஓமோன் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. மனிதரிலும் அதுவேதான். இவ்விருவருக்கும் 1977 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த ஓமோன் மூளையின் அடிப்பகுதியிலிருந்து துடிப்புத் துடிப்பாகச் சுரக்கின்றது. துடிப்பு சரியாக இருந்தால் சூல் முதிரும். கடும் பசி, கடும் உழைப்பு, நீண்ட மனக்கலக்கம் ஆகியவை துடிப்பை மந்தமாக்கும், சூல் முதிராது. உடற்கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் லெப்டின் என்னும் ஓமோனை ஜெப்ரி பிறீட்மனின் குழு 1994 இல் கண்டறிந்தது. சேமிப்பு இல்லை என்ற செய்தி போனால், பிள்ளையைச் சுமக்க இது தருணமல்ல என்று உடல் பொறுத்திருக்கின்றது. இதை உடலின் கேடு என்பதைவிட உடலின் காவல் என்பதே பொருத்தம்.

பஞ்சகாலத்துத் தாய்மார்

இதற்கு வரலாற்றில் ஒரு துயரமான சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில் ஜேர்மன் படையினர் ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடைசெய்தனர். 1944 நவம்பர் முடிவில் ஒருவருக்குரிய பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றது. பஞ்சம் கடுமையான மாதங்களுக்கு ஒன்பது மாதங்களின் பின் பிறந்த குழந்தைகளின் தொகை வழக்கத்தில் ஏறக்குறைய அரைப்பங்காகக் குறைந்தது. 1945 மே மாதத்தில் விடுதலையும் உணவும் வந்தன. சில மாதங்களிலேயே கருத்தரிப்பு மீண்டும் உயர்ந்தது. சீனா ஸ்டைன், மேர்வின் சசர் ஆகிய ஆய்வாளர்கள் பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 1975 இல் இதனை நூலாக வெளியிட்டனர். வங்காளதேசத்தில் 1974 ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அடுத்தும் மட்லாப் கிராமங்களின் பதிவேடுகள் பிறப்பு குறைந்ததைக் காட்டின.

அந்தப் பெண்களை மலடிகள் என்று சொல்லியிருந்தால் அது எத்தகைய அநியாயம்! அவர்களுக்குக் குறைந்திருந்தது உணவும் நிம்மதியுமே. இடம்பெயர்ந்த வீடுகளிலும் பானையில் கடைசியாக மிஞ்சுவதை உண்பவள் பெரும்பாலும் பெண்ணே. மாதவிடாய் நின்றால் முதலில் கர்ப்பமா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில் அவள் உண்பதையும் உழைப்பதையும் பாருங்கள். குடும்பநல மருத்துவமாதுவிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாதவிடாய் நின்றிருப்பதால் கரு தங்காது என்றும் எண்ணிவிடலாகாது. உணவு திரும்பும்போது முதலில் சூல் வரும். அதன் பின்னரே மாதவிடாய் வரும். பாலூட்டும் தாய்மாரும் இதை அறியவேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் வராதிருந்தால் மட்டுமே கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று 1988 இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் கூறினர். இம்மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு ஏற்பாடு தேவை.

ஆணையும் சேர்த்தே

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் குழந்தைப்பேறு பிந்தும் நிலையை அடைகின்றார். இத்தகைய தம்பதியரில் ஏறக்குறைய அரைப்பங்கினரில் ஆணிடமும் காரணம் உண்டு. காய்ச்சல், புகைத்தல், மது, சிகிச்சை செய்யாத தொற்று ஆகியவை விந்தைப் பாதிக்கும். விந்துப் பரிசோதனை எளிதானது, உடலுக்கு நோவில்லாதது. ஆகவே ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒன்றாக வைத்தியரிடம் செல்லவேண்டும். பெண்ணை மட்டும் அனுப்புவது, நாம்பனைப் பாராமல் பசுவை விற்பதற்கு ஒப்பானது.

எல்லாத் தடைகளும் நீங்கும் என்று நாம் சொல்லவில்லை. சில நீங்காதவை. அப்போதும் அந்தத் தம்பதியர் எவருக்கும் குறைந்தவர்களல்லர். அவர்களுக்கும் நமது பந்தலில் முன்வரிசையில் இடமுண்டு.

குழுவாகக் கூடிக் கலந்துரையாட

1. உங்கள் பயிர்களில் பூச்சி தேவைப்படுவன எவை, தேவைப்படாதன எவை? தேனீ வருவதற்கு வேலியில் எந்த மரங்களை நடலாம்?

2. உங்கள் பசு கடைசியாக வேட்கைக்கு வந்த திகதி உங்களுக்குத் தெரியுமா? இன்றே நாட்காட்டியில் குறியுங்கள்; 21 ஆம் நாளையும் குறித்து வையுங்கள்.

3. உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு எவ்வளவு மிஞ்சுகின்றது?

4. 'மலடு' என்ற சொல்லை உங்கள் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அதற்குப் பதிலாக நாம் கேட்கவேண்டிய கேள்வி எது?